புகை, ஆவி, உப்புநீர்: கோழையகற்றும் மூச்சு மருத்துவமும் கந்தக பூமியும்

மூச்சோடு உள்ளிழுக்கும் மருந்தால் நெஞ்சுச் சளியை அகற்றும் முறையின் வரலாறு பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க மருத்துவமனைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. அதன் முற்பகுதியைப் புரட்டினால், சென்னையிலிருந்து கப்பலேறிய ஊமத்தையும், இந்திய உவர்மண்ணிலிருந்து காய்ச்சி எடுக்கப்பட்ட வெடியுப்பும், உதகமண்டலத்தில் பகுத்து ஆராயப்பட்ட ஆடாதோடையும் அதற்கு மூலப்பொருள்களாக இருந்தமை தெரியவரும். ஊமத்தையும் ஆடாதோடையும் விருதுநகர் மாவட்டத்தின் தரிசுகளிலும் வேலியோரங்களிலும் இன்றும் வளர்கின்றன. வெடியுப்பும் அதையொத்த நைட்ரேட் உப்புகளும் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களின் பட்டாசுத் தொழிலுக்கு அடிப்படையாக உள்ளன. கந்தக பூமி என்று அழைக்கப்படும் இந்நிலத்திலிருந்து அவ்வரலாற்றைப் பார்ப்பதற்கு இந்தப் பொருள்களின் உறவு மட்டும் காரணமாகாது. அந்த நீண்ட தேடலின் முடிவில் கிடைத்த பயன், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நோயோடு இவ்வட்டாரத்தில் பிறக்கும் ஒரு குழந்தைக்கு எந்த அளவு எட்டியிருக்கிறது என்னும் கேள்விக்கும் இங்கிருந்தே விடை தேட வேண்டியிருக்கிறது.

மூச்சுக்குழல்களின் உட்சுவர் நுண்ணிய மயிரிழைகளால் மூடப்பட்டுள்ளது; அவ்விழைகள் மெல்லிய நீர்ப்படலம் ஒன்றில் மூழ்கி ஓயாது அசைந்து, தம்மேல் படர்ந்திருக்கும் சளிப் போர்வையைத் தொண்டையை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. தூசியும் கிருமிகளும் அச்சளியில் ஒட்டி வெளியேறுவதால்தான் நுரையீரல் தூய்மையாக இருக்கிறது. நீர்ப்படலம் வற்றினாலோ சளி மிகுதியாகக் கெட்டிப்பட்டாலோ இழைகள் அசைய இயலாமல் போகின்றன. சளி தேங்கிக் கோழையாக இறுகி, கிருமிகளுக்கு உறைவிடமாகிறது. மூச்சுத்திணறலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. குழலைச் சுற்றியுள்ள தசை இறுகிக் குழல் சுருங்குவது அது; ஆஸ்துமாவில் மேலோங்கி நிற்பது இதுவே. தசையைத் தளர்த்துவதும் கோழையை இளக்கி வெளியேற்றுவதும் வெவ்வேறு வேலைகள் என்பதையும், ஒன்றுக்கு உதவும் பொருள் மற்றொன்றுக்குத் தீங்காகலாம் என்பதையும் மருத்துவ உலகம் தெளிவாக உணர ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. மூச்சு மருத்துவ வரலாற்றின் முதன்மையான செய்தி இதுவே என்று கொள்ளலாம்.

தமிழ் வீடுகளில் வழங்கிவரும் மிகப் பழைய முறை வேது பிடித்தல், அதாவது கொதிநீரில் நொச்சி, மஞ்சள் போன்றவற்றை இட்டுப் போர்வையால் மூடிக்கொண்டு ஆவியை உள்ளிழுத்தல். சித்த மருத்துவம் வேதுவைப் புறமருந்துகளுள் ஒன்றாக வகுத்துள்ளது. மூக்கடைப்பும் தொண்டைக் கரகரப்பும் இதனால் தணிவதை எவரும் அறிவர். ஆனால் கொதிநீர் ஆவி மூக்கையும் தொண்டையையும் கடக்கும்போதே குளிர்ந்து பெருந்துளிகளாகிப் படிந்துவிடுவதால், நுரையீரலின் சிறு குழல்களுக்குள் அதில் மிகச் சிறிதளவே போய்ச் சேர்கிறது. இங்கிலாந்தில் ஜான் மட்ஜ் என்னும் மருத்துவர் 1778இல் வெளியிட்ட நூலில், மூடியிட்ட ஈயக்கலவைக் குவளையிலிருந்து குழாய் வழியே ஆவியை உறிஞ்சும் கருவியை விவரித்தார். அதுவும் இதே எல்லைக்குள்தான் நின்றது. 2021ஆம் ஆண்டின் கொரோனா இரண்டாம் அலையில் தமிழகத்தின் பொது இடங்களில் ஆவி பிடிக்கும் ஏற்பாடுகள் முளைத்தபோது, மருத்துவர் அறிவுரையின்றி அவ்வாறு செய்ய வேண்டாம் என்று மாநில நல்வாழ்வுத்துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. வேதுவின்மேல் தமிழர் கொண்ட நம்பிக்கை எவ்வளவு ஆழமானது என்பதற்கு இது சான்றாகும்; அந்நம்பிக்கையை இகழ்வதைவிட அதன் எல்லையை எடுத்துரைப்பதே பொருத்தம்.

ஆவிக்கு அடுத்து வந்தது புகை. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைத் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், சைதாப்பேட்டையில் சப்பாத்திக் கள்ளித் தோட்டம் அமைத்து அதில் சாயப்பூச்சி வளர்க்க முயன்றவர் என்ற வகையில் தாவரவியல் வரலாற்றில் அறியப்பட்டவர். ஊமத்தை இனச் செடி ஒன்றின் வேரையும் தண்டையும் உலர்த்தி இடித்துப் புகைக்குழாயில் இட்டுப் புகைத்தால் மூச்சிரைப்பு தணியும் என்ற இந்நாட்டு வழக்கத்தை அவர் அறிந்து, பிறருக்கும் பரிந்துரைத்தார். சென்னையிலிருந்து நாடு திரும்பிய ஜென்ட் என்னும் படைத்தளபதி 1802இல் அம்மருந்தைப் பிரிட்டனுக்குக் கொண்டுசென்று சிம்ஸ் என்ற மருத்துவரிடம் கொடுத்தார். அதன் பயன் குறித்த செய்தி 1812இல் எடின்பரோ மருத்துவ இதழில் இடம்பெற்றது. இந்தியச் செடி எளிதில் கிடைக்காத நிலையில், அங்கேயே வளர்ந்த ஊமத்தையின் உறவுச் செடியான ஸ்ட்ரமோனியத்தை மருத்துவர்கள் கையாளத் தொடங்கினர். அதிலிருந்து ஆஸ்துமா சுருட்டு, ஆஸ்துமா சிகரெட், எரித்துப் புகையிழுக்கும் ஆஸ்துமாப் பொடி என்று ஒரு பெரும் வணிகமே கிளைத்து, 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை நீடித்தது. பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் புரூஸ்ட் தம் அறையில் ஓயாமல் எரித்த பொடிகளும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

அப்பொடிகள் அணையாமல் கனன்று எரிவதற்காக அவற்றில் சேர்க்கப்பட்ட பொருள் பொட்டாசியம் நைட்ரேட், அதாவது வெடியுப்பு. சூடேறும்போது தன்னிடமுள்ள ஆக்சிஜனை வெளிவிட்டுப் பக்கத்திலுள்ள பொருளை எரியச்செய்யும் இந்த உப்பே கந்தகத்தோடும் கரியோடும் சேர்ந்து கருமருந்தாகிறது. ஊமத்தை இல்லாமல் வெடியுப்பை மட்டுமே கொண்டு மூச்சிரைப்புக்கு மருத்துவம் செய்த முறையும் இருந்தது. மையுறிஞ்சும் தாளை வெடியுப்புக் கரைசலில் நனைத்து உலர்த்தி, படுக்கையறையில் கொளுத்தி, அறை நிறைந்த புகையை நோயாளி உள்ளிழுப்பார். இந்த வெடியுப்புத் தாளின் செய்முறையையும் பயனையும் லண்டன் மருத்துவர் ஹென்றி ஹைட் சால்ட்டர் 1860இல் வெளியான ஆஸ்துமா பற்றிய தம் நூலில் விரிவாக எழுதியுள்ளார். ஐரோப்பாவின் பீரங்கிகளுக்கு வேண்டிய வெடியுப்பில் பெரும்பகுதி பீகாரிலிருந்து கம்பெனியின் கப்பல்களில் சென்றது. தமிழகத்திலும் உப்பிலியர் எனப்பட்ட மக்கள் உவர்மண்ணைக் கரைத்து வடித்துக் காய்ச்சி வெடியுப்பு எடுத்து வந்தனர். சென்னையிலிருந்து ஊமத்தை வழக்கமும் இந்திய மண்ணிலிருந்து வெடியுப்பும் கடல் கடந்து, அங்கே ஒரே பொடியாகக் கலந்து விற்பனைக்கு வந்தன என்பது இவ்வரலாற்றில் அதிகம் கவனிக்கப்படாத பகுதி.

ஊமத்தைப் புகை உண்மையாகவே வேலை செய்தது. அதிலுள்ள அட்ரோபின் வகை வேதிப்பொருள்கள் குழலைச் சுருக்கும் நரம்புக் கட்டளையைத் தடுத்துத் தசையைத் தளர்த்துகின்றன. இன்று மருந்துக்கடைகளில் கிடைக்கும் இப்ராட்ரோப்பியம், டயோட்ரோப்பியம் ஆகிய இழுப்பு மருந்துகள் அதே வழியில் செயல்படும் செம்மையான வழித்தோன்றல்கள். ஊமத்தையின் குறைகள் இரண்டு. அது நஞ்சு; அளவு சற்றே கூடினாலும் சித்தப்பிரமையும் உயிருக்கு ஆபத்தும் விளையும். அது சுரப்புகளை வற்றவும் செய்கிறது. வாயை உலர்த்துவது போலவே மூச்சுக்குழலின் ஈரத்தையும் குறைத்துக் கோழையை மேலும் இறுகச் செய்யக்கூடும். இரைப்பவருக்கு ஆறுதல் தந்த புகை, கெட்டிச்சளியால் அவதியுறுபவருக்குத் தவறான மருந்து. இந்த வேறுபாடு அன்றைய மருத்துவ நூல்களில் தெளிவாகப் பிரித்துக் கூறப்படவில்லை. இருமலும் இரைப்பும் சளியும் ஒரே கூட்டில் அடைபட்டிருந்தன.

கோழையை இளக்கும் திசையில் தமிழகம் அளித்த பங்கு ஆடாதோடை. சென்னையில் பணியாற்றிய வைட்லா ஐன்ஸ்லி 1826இல் வெளியிட்ட மெட்டீரியா இண்டிகா என்னும் நூலில் தமிழ் மருத்துவர் கையாண்ட மூலிகைகளை அவற்றின் தமிழ்ப் பெயர்களோடே பதிவுசெய்தார். ஆடாதோடையும் அவற்றுள் ஒன்று. இருமலுக்கு அதன் இலைச்சாற்றைத் தேனில் கலந்து உண்பது பரவலான வழக்கம். உலர்ந்த இலையைச் சுருட்டிப் புகைப்பதும் இந்தியாவில் வழக்கிலிருந்தது. உதகமண்டலத்தில் சென்னை அரசின் கொய்னா ஆய்வாளராக இருந்த டேவிட் ஹூப்பர் 1888இல் இவ்விலையிலிருந்து வாசிசின் என்னும் காரப்பொருளைப் பிரித்தெடுத்தார். கொய்னா என்பது மலேரியாவுக்கு மருந்தான சின்கோனா பட்டைச் சத்து. அதன் தரத்தை ஆய்வதே ஹூப்பரின் பணி. நாட்டு மூலிகைகளைப் பகுத்தாய்ந்தது அப்பணிக்கு அப்பால் அவர் கொண்டிருந்த ஆர்வத்தின் விளைவு. முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகு, வாசிசினை முன்மாதிரியாகக் கொண்டு ஜெர்மனியில் உருவாக்கப்பட்ட புரோம்ஹெக்சின் 1963இல் விற்பனைக்கு வந்தது. உடலுக்குள் அது மாற்றமடைந்து உண்டாகும் ஆம்ப்ராக்சால் பின்னர் தனி மருந்தாயிற்று. விருதுநகர் மருந்துக்கடையில் இருமலுக்கு வாங்கும் பல சிரப்புகளின் அட்டையில் இவ்விரு பெயர்களுள் ஒன்றைக் காணலாம். இவை சாதாரணச் சளிக்கு ஓரளவு உதவுபவை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் உண்டாகும் சளியின் இறுக்கமோ வேறு வகையானது.

அந்நோயை ஒரு தனி நோயாக 1938இல் முதன்முதலில் முழுமையாக விவரித்தவர் நியூயார்க்கின் டோரதி ஆண்டர்சன். சவப்பரிசோதனைகளில் கணையம் நார்த்திசுவாகி நீர்க்கட்டிகள் நிறைந்திருப்பதைக் கண்டே அவர் அதற்குப் பெயரிட்டார். ஆயினும் பெரும்பாலோரின் உயிரைக் குடிப்பது நுரையீரல் சிதைவே. 1948இல் நியூயார்க் நகரைத் தாக்கிய கடும் வெயிலில் மயங்கி விழுந்து மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளுள் பலர் இந்நோயாளிகளாக இருந்ததை ஆண்டர்சனின் மருத்துவக் குழுவினர் கவனித்தனர். அதைத் தொடர்ந்து ஆராய்ந்த பால் டி சான்ட்ஆக்னீஸ், அக்குழந்தைகளின் வியர்வையில் உப்பு அளவுக்கு மீறி வெளியேறுவதை 1953இல் நிறுவினார். சிறிய மின்னோட்டத்தால் பைலோகார்ப்பின் என்னும் மருந்தைத் தோலுக்குள் செலுத்தி, வியர்வையைச் சேகரித்து, குளோரைடை அளக்கும் சோதனையை கிப்சனும் குக்கும் 1959இல் வகுத்தனர். லிட்டருக்கு 60 மில்லிமோல் அளவை எட்டுவது நோயைச் சுட்டும். 1989இல் லாப்-சீ சுயி, ஜாக் ரியோர்டன், பிரான்சிஸ் காலின்ஸ் ஆகியோரின் குழுக்கள் ஏழாவது குரோமோசோமில் இந்நோய்க்குரிய மரபணுவைக் கண்டறிந்த பின்னரே காரணம் முழுமையாக விளங்கிற்று. செல்களின் வழியே குளோரைடு உப்பைக் கடத்தும் வாயில் ஒன்று பழுதுபடுவதால், வியர்வைச் சுரப்பியில் உப்பு மீட்கப்படாமல் வெளியேறுகிறது. மூச்சுக்குழலிலோ உப்பும் அதைத் தொடரும் நீரும் சளிப்படலத்தை அடைவதில்லை. ஈரம் இழந்த சளி இழைகளின்மேல் படிந்து ஒட்டிக்கொள்கிறது.

இந்தியாவில் இந்நோய் இல்லை என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. இந்தியக் குழந்தைகளிடம் இது காணப்பட்ட செய்திகள் 1968 முதல் மருத்துவ இதழ்களில் வரத் தொடங்கின. பின்னர் டெல்லி எய்ம்ஸில் எஸ்.கே. காப்ரா உள்ளிட்ட மருத்துவர்கள் வியர்வைச் சோதனையை உள்நாட்டுக் கருவியோடு செய்யும் வழியைக் கண்டதும், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் குழந்தைகளின் நுரையீரல் நோய்களுக்கான சிறப்புப் பிரிவு வளர்ந்ததும் அவ்வெண்ணத்தைத் தகர்த்தன. ஐரோப்பிய நோயாளிகளிடம் மிகப் பரவலாக உள்ள மரபணுப் பிழை இந்திய நோயாளிகளிடம் அந்த விகிதத்தில் இல்லை என்பதால், அங்கே உருவான மரபணுச் சோதனைப் பட்டியல்கள் இங்கே பலரைத் தவறவிடுகின்றன. எனவே வியர்வைச் சோதனையே இங்கு இன்றியமையாத முதற்படி. வெயிலின் பங்கும் புறக்கணிக்கத்தக்கதன்று. இந்தியக் குழந்தைகள் பலரிடம் இந்நோய், உப்பிழப்பாலும் நீரிழப்பாலும் உண்டாகும் சோர்வாகவும் வாந்தியாகவும் முதலில் வெளிப்படுவதாக மருத்துவர்கள் குறித்துள்ளனர். நியூயார்க்கில் அரிதாக வந்த ஒரு வெயில் அலையில் வெளிப்பட்ட உண்மை, பங்குனி முதல் ஆவணி வரை வெயில் தகிக்கும் கரிசல் காட்டில் ஆண்டுதோறும் வெளிப்பட்டும், சாதாரண வெயில் சோர்வென்று கடந்து செல்லப்படலாம்.

மூச்சுவழி மருத்துவம் இந்நோயில் கடந்துவந்த பாதை ஒரு பெரும் தவறோடு தொடங்கியது. சளி காய்ந்திருப்பதால் அதை நனைக்க வேண்டும் என்ற எளிய எண்ணத்தில், 1950களின் பிற்பகுதியில் கிளீவ்லாந்தின் லெராய் மேத்யூஸ் வகுத்த முழுமையான சிகிச்சைத் திட்டத்தில் பனிக் கூடாரமும் ஓர் உறுப்பாக இருந்தது. கட்டிலை மூடிய பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் இரவு முழுவதும் கருவி நீர்ப்பனியைச் செலுத்த, குழந்தைகள் நனைந்த படுக்கையிலும் நனைந்த தலைமுடியோடும் உறங்கினர். 1970களில் நடந்த ஆய்வுகள், அப்பனியின் பெரும்பகுதி மேல் மூச்சுவழியிலேயே தங்கிவிடுவதையும் நுரையீரலுக்குப் பயன் ஏதும் விளையாமையையும் காட்டிய பிறகே கூடாரங்கள் அகற்றப்பட்டன. வேது பிடித்தலுக்கு உள்ள அதே எல்லை, செலவு மிகுந்த கருவியின் உருவில் மீண்டும் வெளிப்பட்டது. எனினும் மேத்யூஸின் திட்டத்தில் இருந்த தினசரி மார்புத் தட்டுப் பயிற்சி, நுண்ணுயிர்க்கொல்லி, ஊட்ட உணவு ஆகியவற்றால் குழந்தைகளின் ஆயுள் நீண்டது என்பதையும் மறுப்பதற்கில்லை.

நுண்துளிகளே சிறு குழல்களை அடையும் என்பது தெளிவானதும், அழுத்தக் காற்றால் கரைசலைச் சிதறடிக்கும் நெபுலைசர் கருவி மையமான இடத்துக்கு வந்தது. அதன் முன்னோடியை 1858இல் பாரிஸில் சால்-ஜிரோன் காட்டியிருந்தார். நெபுலைசரில் இடத்தக்க மருந்துகளுள் மிகப் பெரிய திருப்பம் டார்னேஸ் ஆல்ஃபா. இந்நோயாளியின் கோழையில் கிருமிகளோடு போரிட்டு மடிந்த வெள்ளையணுக்களின் டி.என்.ஏ. நூல்கள் சிக்கிப் பின்னி, அதைப் பசைபோல் ஆக்குகின்றன. அந்நூல்களை வெட்டும் நொதியை மாட்டின் கணையத்திலிருந்து எடுத்து 1950களிலேயே பயன்படுத்தினர். ஆனால் வேற்றுயிர்ப் புரதம் என்பதால் ஒவ்வாமை உண்டாயிற்று. ஜெனென்டெக் நிறுவனத்தின் ஸ்டீவன் ஷாக் மனித நொதியின் மரபணுவைப் பிரித்து ஆய்வகத்தில் உற்பத்தி செய்ய வழிவகுத்தார். 1993 டிசம்பரில் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது. நாளொன்றுக்கு 2.5 மில்லிகிராம் போதும்; ஆனால் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டிய, விலை மிகுந்த மருந்து அது.

அதைவிட வியப்புக்குரியது உப்பின் கதை. சிட்னியில் கடலலைச் சறுக்கில் ஈடுபட்ட சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகள் அதன்பின் எளிதாகச் சளி வெளியேறுவதாகக் கூறியதை ஆஸ்திரேலிய மருத்துவர்கள் செவிகொடுத்துக் கேட்டனர். உடலின் நீர்மங்களில் உள்ளதைவிட அடர்ந்த உப்புநீர் நுண்துளிகளாகக் குழற்சுவரில் படிந்தால், சவ்வூடு பரவலால் செல்களிலிருந்து நீர் வெளிவந்து வற்றிய படலம் மீண்டும் நனையும், கோழை இளகும், இருமல் தூண்டப்பட்டு அது வெளியேறும். மார்க் எல்கின்ஸ், பீட்டர் பை ஆகியோர் 164 நோயாளிகளை 48 வாரங்கள் தொடர்ந்து ஆராய்ந்து, 7 சதவீத உப்புக் கரைசலை நாளுக்கு இருமுறை இழுத்தவர்களுக்கு நோய் முற்றும் தருணங்கள் வெகுவாகக் குறைந்ததை 2006 ஜனவரியில் ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டனர். அக்கரைசலின் உப்படர்த்தி கடல்நீரின் உப்படர்த்தியைப் போல ஏறத்தாழ இருமடங்கு. அதே இதழில் வடகரோலினா ஆய்வாளர்களின் கட்டுரையும் வந்து, அதன் பயன் நீடிப்பதை உறுதிப்படுத்தியது. தூத்துக்குடி உப்பளங்களுக்கு அண்டை மாவட்டமான விருதுநகரில் உப்பின் மலிவைச் சொல்லித் தெரிவிக்க வேண்டியதில்லை. ஆயினும் அடுப்படி உப்பை வீட்டில் கரைத்து இழுப்பது பெருந்தவறு: கிருமி நீக்கிய கரைசலே வேண்டும், குழல் சுருங்காதிருக்க முன்கூட்டியே தசை தளர்த்தும் மருந்து இழுக்க வேண்டும், முதல் முறை மருத்துவமனையில் கண்காணிப்போடு நடக்க வேண்டும், பின்னர் மார்புப் பயிற்சி செய்து சளியைத் துப்ப வேண்டும், கருவியை நாள்தோறும் கழுவி உலர்த்த வேண்டும். வெடியுப்பைக் கொளுத்திப் புகைத்த காலத்திலிருந்து சாதாரண உப்பை நீரில் கரைத்துத் தெளிக்கும் காலம் வரை வந்த இப்பாதையில், மலிவான மருந்தே நிலைத்தது என்பது ஏழைகளுக்கு நம்பிக்கையளிக்கும் முடிவு.

இனி இவ்வட்டாரத்தின் நுரையீரல்களைக் காண்போம். மழை குறைந்து வேளாண்மை பொய்த்த நிலத்தில், அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியதிலிருந்து சிவகாசியின் புதிய வரலாறு தொடங்குகிறது. வறண்ட காற்றே தீக்குச்சியும் பட்டாசும் உலர்வதற்கு ஏற்றதாய் அமைந்தது. 1940ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளுக்குப் பின் பட்டாசு ஆலைகள் உரிமம் பெற்ற தொழிலாக வளர்ந்தன. மருந்து கலத்தல், குழாயில் அடைத்தல், திரி செருகுதல், வெயிலில் உலர்த்துதல் என்று ஒவ்வொரு படியிலும் கந்தகமும் அலுமினியத் தூளும் நைட்ரேட் உப்புகளும் கையாளப்படுகின்றன. நுண்தூளும், எரியும்போது எழும் கந்தக டைஆக்சைடும் மூச்சுவழியை உறுத்தக்கூடியவை. வெடிவிபத்துகள் செய்தியாகின்றன; ஆண்டுக்கணக்கில் நீளும் இருமல் செய்தியாவதில்லை. டெல்லியில் மூன்று சிறு குழந்தைகளின் பெயரில் 2015இல் தொடுக்கப்பட்ட வழக்கில் 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்து, பசுமைப் பட்டாசுகளுக்கு வழிவகுத்தது; வாங்குவோர் நகரத்துக் குழந்தைகளின் மூச்சு சட்டத்தின் கவனத்தைப் பெற்றது நியாயமே, ஆனால் செய்வோர் ஊரின் மூச்சைப் பற்றிய விவாதம் அந்த அளவுக்கு எழவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

தூசி மிகுந்த இச்சூழலின் இன்னொரு விளைவு, நோயறிதல் மறைந்துபோவது. சளியோடு நீங்காமல் இருமும் குழந்தையின் நோயை வட்டாரக் காற்றின் விளைவு என்றும், ஆஸ்துமா என்றும், காசநோய் என்றும் கருதுவதற்கு இங்கே காரணங்கள் ஏராளம். இந்திய சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் குழந்தைகள் பலர் சரியான பெயர் தெரியுமுன் காசநோய் மருந்து உண்டவர்கள். பெற்றோர் இருவரும் பழுதான மரபணுவின் ஒரு பிரதியைச் சுமந்தால் ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு நோய் வாய்ப்பு உண்டு; நெருங்கிய உறவில் மணம் புரியும் குடும்பங்களில் இருவரும் ஒரே பிழையைச் சுமக்கும் வாய்ப்பு கூடுகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 28 சதவீதத் திருமணங்கள் உறவுக்குள் நடந்தவை. நாட்டிலேயே மிக உயர்ந்த அளவு அது. தாய்மாமனையும் அத்தை மகனையும் மணப்பதைக் குற்றமாக்கிப் பேசுவதால் பயனில்லை. அக்குடும்பங்களுக்குச் சோதனை எளிதில் கிடைக்கச் செய்வதே வேண்டுவது.

நோயின் பெயரைச் சரியாக அறிவது சடங்கு அன்று. காசநோய் ஆறிய பின்னும் குழல்கள் விரிந்து தளர்ந்து, சளி தேங்கும் மூச்சுக்குழல் விரிவு நோய் இங்கே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸைவிட மிகுதியாகக் காணப்படுவது. இரண்டிலும் இருமலும் கோழையும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் உயிர்காக்கும் டார்னேஸ் ஆல்ஃபா, மற்ற காரணங்களால் வரும் மூச்சுக்குழல் விரிவு நோயில் தீங்கு விளைவித்ததை 1998இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. ஊமத்தைப் புகையின் காலத்தில் இரைப்பும் கோழையும் பிரித்தறியப்படாததால் நேர்ந்த குழப்பம், நவீன மருந்துகளிலும் நோயைப் பிரித்தறியாவிட்டால் திரும்ப நேரும்.

2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்கள் கொள்கை, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்கான இந்த நொதி மருந்தைப் பெயர் சுட்டிச் சேர்த்துள்ளது. 2022 முதல் நோயாளி ஒருவருக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்க அக்கொள்கை வழிசெய்கிறது. சென்னை எழும்பூர்க் குழந்தைகள் நல மருத்துவமனை அதற்குரிய சிறப்பு மையங்களுள் ஒன்று. மேலைநாடுகளில் 2019 முதல் வந்த மாத்திரைகள் பழுதான வாயிலையே திருத்துகின்றன. அவற்றை உண்பவர்கள் உப்புநீரையோ நொதியையோ ஆறு வாரம் நிறுத்தியபோது நுரையீரல் செயல்திறன் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்று அமெரிக்க ஆய்வு ஒன்று 2022-23இல் அறிவித்தது. அம்மாத்திரைகளின் ஆண்டு விலை அங்கே மூன்று லட்சம் டாலரைத் தாண்டுகிறது. ஆகவே அங்கே நெபுலைசரைக் கைவிடலாமா என்று ஆராயும் காலத்தில், இங்கே நெபுலைசரும் உப்புநீரும் மார்புப் பயிற்சியுமே சிகிச்சையின் முதுகெலும்பாக நீடிக்கின்றன. 2012இல் தென்மாவட்டங்களை வாட்டிய நீண்ட மின்வெட்டு போன்ற ஒரு காலத்தில் மின்சாரக் கருவியை நம்பிய குழந்தையின் நிலை என்னவாகும் என்பதையும் சிகிச்சைத் திட்டமிடுவோர் எண்ணிப் பார்த்தல் நலம்.

விருதுநகரில் 2022 ஜனவரி 12 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையும் தொலைவில் இல்லை. வியர்வைச் சோதனைக்குப் பெரிய ஆய்வகமோ விலையுயர்ந்த மரபணுக் கருவியோ தேவையில்லை. பயிற்சி பெற்ற ஒரு தொழில்நுட்பரும் முறையாகச் சரிபார்த்த கருவியும் போதும். அச்சோதனையை இம்மாவட்டத்திலேயே செய்யும் ஏற்பாட்டை அரசு உருவாக்க வேண்டும். ஓயாத சளி இருமலோடு, நன்றாகச் சாப்பிட்டும் எடை ஏறாமல், எண்ணெய்ப் பசையுடன் கூடிய மலம் கழித்து, முத்தமிட்டால் உப்புக் கரிக்கும் தோலோடு வரும் குழந்தையின் இருமலைப் பட்டாசுத் தூசியின் கணக்கில் எழுதுமுன், அக்குழந்தைக்கு வியர்வைச் சோதனை செய்யச் சொல்லி எழுதித் தர வேண்டும் என்பதே சாத்தூரிலும் சிவகாசியிலும் திருத்தங்கலிலும் பணியாற்றும் மருத்துவர்களிடம் வைக்கத்தக்க வேண்டுகோள்.